ரொபிதார் வீட்டுக்காரி

மிலோய்கா கவ்சிச்சை அந்த மலையூரில் யாரும் கவ்சிச் என்று கூப்பிட்டதே கிடையாது. கல்யாணமாகி வந்த மறுநாளே அவள் ரொபிதாரம்மா ஆகிவிட்டாள். அது வீட்டின் பெயர். சோச்சா ஆற்றுக்கு மேலே இருக்கும் ஊர்களில் ஆட்கள் மாறலாம், வீட்டுப் பெயர் மாறாது. உள்ளே யார் வந்து குடியேறினாலும் அது அவர்கள் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மின்கட்டண ரசீதில் மட்டும்தான் அவள் கவ்சிச். நாற்பது வருஷமாக ரொபிதாரம்மாவாகத்தான் செங்குத்துச் சரிவில் புல் அறுத்தாள், பாலாடைக்கட்டி போட்டாள், புருஷன் சிரிலை அடக்கம் செய்தாள்.

இன்று அந்தப் பெயரே அவளைப் பயமுறுத்தியது. முற்றத்து மேசையில் அவள் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தவன் பெயர் எஸ்தெபான் ரொபிதார். அர்ஜென்டினாவிலிருந்து வேர் தேடி வந்தவன். தண்ணீர் கேட்டவனை உட்கார வைத்தாளே, அது அவள் செய்த முட்டாள்தனம்.

"பாதிரியார் சர்ச்சுப் பதிவுப் புத்தகமெல்லாம் பொரட்டிட்டாரும்மா. ரொபிதார்னு ஒருத்தர்கூட இங்க பொறக்கவும் இல்ல, சாகவும் இல்லங்கிறார். எங்க நாட்டுலயும் எங்களைத் தவிர யாருக்கும் இந்தப் பேரு கிடையாது. தாத்தா யோசெஃப் பொய் சொல்லிட்டாரோ?"

பொய்யில்லை. யோசெஃப் லெபான் இதே வீட்டில் பிறந்தவன். இத்தாலிக்காரன் ஆண்ட காலத்தில் கப்பலேறினான். போன இடத்தில் பெயர் கேட்டபோது, ஊர் கூப்பிட்ட பெயரைச் சொல்லியிருக்கிறான் மனுஷன். இந்த ஊர்க்காரன் எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். புறப்படும்போது, "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோ" என்று அவள் மாமனாரிடம் கைகுலுக்கி வீட்டை ஒப்படைத்தான். பத்திரம் எதுவும் கிடையாது. அவன் திரும்பவில்லை. இதோ, பேரன் வந்து நிற்கிறான். வாயைத் திறந்தால் வீடு போய்விடும்.

"வேற ஊரா இருக்கும் தம்பி. மலைக்கு அந்தப் பக்கம் விசாரிச்சுப் பாருங்க" என்றாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு சில்வோவின் டிராக்டர் சத்தம் கேட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள். 'ரொபிதாரம்மா, உசிரோட இருக்கியா?' என்று கத்தாமல் ஒருநாளும் அந்த முற்றத்தைத் தாண்டியதில்லை. மிலோய்கா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். மேலங்கி நுனியைக் கையில் முறுக்கினாள். டிராக்டர் நின்றது. சில்வோ வந்தவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"வணக்கம், கவ்சிச்சம்மா. சௌக்கியங்களா?"

பாதிரியாரிலிருந்து சில்வோ வரை, ஊரே பேசி வைத்துக்கொண்டதுபோல் அவளைக் காப்பாற்றுகிறது. அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரோ ஒருத்தியைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. நாற்பது வருஷத்தை ஒரே வார்த்தையில் பிடுங்கி எறிந்துவிட்டானே என்று நெஞ்சு எரிந்தது.

"யாருடா கவ்சிச்சம்மா?"

"ஐயோ, உனக்காகத்தானே..."

"எப்பவும் கூப்பிடுற மாதிரி கூப்பிடுடா!"

சில்வோ தரையைப் பார்த்தான். "ரொபிதாரம்மா" என்றான் மெதுவாக.

எஸ்தெபானின் காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது. மிலோய்கா உட்காரவில்லை. யோசெஃப், வீட்டுப் பெயர், கைகுலுக்கல், எல்லாவற்றையும் நின்றபடியே ஒரே மூச்சில் கொட்டினாள். "இதான் உன் தாத்தா வீடு. நான் உன்கிட்ட மறைச்சேன். இனி நீ என்ன செய்யணுமோ செய்."

வீட்டைப் பற்றித்தான் கேட்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நீங்களும் ரொபிதாரா?" என்று கேட்டான் அவன்.

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

"எங்க குடும்பத்துக்கு வெளிய நான் பாக்குற மொத ரொபிதார் நீங்கதாம்மா." அவன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான்.

மிலோய்கா வீட்டுப் பக்கம் திரும்பினாள். கதவைத் திறந்தாள். உள்ளே போட்டுக்கொள்ள விருந்தாளிச் செருப்பை எடுக்கக் குனிந்தவள், அதை விட்டுவிட்டு, சிரிலின் பழைய வீட்டுச் செருப்பை எடுத்து அவன் காலருகே வைத்தாள்.