வெள்ளிக்கு வெள்ளி எட்டு நாள் இல்லை: நெளுக்குளம் படலை வரை போன கதை

சென்ற மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கண்டாவளையிலிருந்து நெளுக்குளத்துக்கு என் பேத்தியைப் பார்க்கப் போனேன். அன்று அவளுக்கு முப்பத்தோராம் நாள், பிறந்த வீட்டுத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவு. மாதம் முடியாமல் ஒரு கிலோ எண்ணூறு கிராமில் பிறந்த பிள்ளை. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அங்கே என்னை விடவில்லை. அவள் வீட்டுக்கு வந்த நேரம் எனக்கு வயலில் அரிவி வெட்டு, நெல் அறுப்பு. எழுபத்தொரு வயதில் கிடைத்த முதல் பேத்தியைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன்.

போவதற்குச் சரியாக ஒரு கிழமைக்கு முன், அதுவும் வெள்ளிதான், தங்கையின் மகள் தன் ஒன்றரை வயதுப் பிள்ளையை என் மடியில் இருத்திவிட்டு வெட்டுக்காரருக்குச் சமைக்கப் போனாள். பிள்ளை என் முகத்துக்கு நேரே இரண்டு தரம் தும்மியது. ஞாயிறு அதை மூச்சிழுப்போடு கிளிநொச்சியில் வார்டில் சேர்த்தார்கள். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் என்று டொக்டர் சொன்னாராம். எங்களுக்கு அது வெறும் சளித் தடிமன். மாதம் முடியாமல் பிறந்த பிள்ளைக்கு அது மூச்சையே நிறுத்தக்கூடும். நெளுக்குளத்தில் இருக்கும் என் மகள் சுகந்திக்கு இதை மறைக்கவில்லை. எட்டு நாள் முடியட்டும், பிறகு வாருங்கள் என்றாள். அந்த எட்டு எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். ஒரு வைரஸ் உடம்புக்குள் புகுந்து, முதல் இருமலோ தும்மலோ காட்டும்வரை பதுங்கியிருக்கும் நாட்களை நோயரும்பு காலம் என்பார்கள். ஆர்.எஸ்.வி.க்கு அது இரண்டு நாளிலிருந்து எட்டு நாள். பலருக்கு நாலு, ஐந்து நாளில் தெரிந்துவிடும். சிலருக்குக் கடைசி நாள் வரை இழுக்கும். தனிமைப்படுத்தலின் எல்லையை அந்தக் கடைசி ஆட்களைப் பார்த்துத்தான் வைப்பார்கள். தும்மல் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னரே மற்றவருக்குத் தொற்றும் என்பதால், எனக்கு ஒன்றுமில்லை என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கோபத்தில் படித்தேன். 2021இல் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொரோனா. என் வாசல் படலையில் பதினான்கு நாள் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். பதினான்காம் நாள் விடிய வவுனியாவில் என் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். புறப்பட்டு நின்றேன். வந்த சுகாதாரப் பரிசோதகர், இன்றைக்குப் பதின்மூன்றுதான் ஐயா, விடமுடியாது என்றார். ஏன் பதின்மூன்று என்று கேட்டேன். சட்டம் என்றார். அன்று பின்னேரம் அண்ணனை எரித்தார்கள். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நாலு கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த மனிதர் பிழை என்று காட்டுவதற்காகவே வைரசுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பதினான்கு சரிதான் என்பதை வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்டேன். அவர் எண்ணியதை மட்டும் ஏற்கவில்லை.

நான் எண்ணுவது எங்கள் இழவு வீடுகளில் எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் எண்ணுவது போல. செத்த நாளே முதலாம் நாள். பிள்ளை தும்மிய வெள்ளி ஒன்று, சனி இரண்டு, அப்படியே வந்தால் அடுத்த வெள்ளி எட்டு. பேத்தியின் முப்பத்தொன்றும் அதே நாள். இந்தமுறை என்னை மறிக்க ஒருவரும் இல்லை என்று புறப்பட்டேன்.

காலை 6.05க்குச் சைக்கிள். பரந்தன் சந்திக்கு ஒன்பது கிலோமீற்றர், எனக்கு ஐம்பது நிமிடம். தெரிந்த சலூனில் சைக்கிளை விட்டேன். பையில் பேத்திக்குப் பஞ்சாயுதப் பதக்கம் கோத்த சங்கிலி, இரண்டு கிலோ புது அரிசி, ஒரு போத்தல் நல்லெண்ணெய். 7.20க்கு வவுனியா பஸ். 360 ரூபா கொடுத்தேன். முகக்கவசம் போட்டு யன்னல் பக்கம் இருந்தேன்.

இருப்புக் கொள்ளவில்லை. கிளிநொச்சி தாண்டுமுன் நாலு தரம் எச்சிலை விழுங்கித் தொண்டையைப் பார்த்துவிட்டேன். வீதி ஓரமெல்லாம் நெல் காய்ந்தது, வைக்கோல் தூசு யன்னலால் வந்தது. முறிகண்டியில் எல்லோரும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. அங்கேதான் முதல் தும்மல். தூசுதான் என்று எனக்கே சொன்னேன். மாங்குளத்தில் இரண்டாவது. பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் பின்னால் போய்விட்டார்.

8.50க்குக் கனகராயன்குளத்தில் டயர் காற்றுப் போனது. நாற்பது நிமிடம் ஆகும் என்றார் சாரதி. வீதியோரத் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். பால் விடாத பிளேன்ரீ ஐம்பது ரூபா. கடை நடத்துபவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா, தகப்பன் காலத்தில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பமாம். நான் இருந்த வாங்குப் பலகையின் கீழே ஓலைக் கடகத்துக்குள் ஒரு கோழி அடை கிடந்தது. இன்றைக்குப் பொரித்துவிடும் என்றார். எப்போது வைத்தது என்று கேட்டேன். மூன்று கிழமைக்கு முந்திய வெள்ளி என்றார். எனக்கு எண்ணுகிற வியாதி, விரலை மடக்கி எண்ணினேன்.

"அப்ப நேற்றோட இருபத்தொண்டு முடிஞ்சுது அம்மா. கூழ்முட்டையாத்தான் இருக்கும், எறியுங்கோ."

அந்த அம்மா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா என்ன, எழவு வீட்டுக்கா எண்ணுறீங்க? வச்ச அன்னைக்கு கணக்குல இல்லீங்க. கோழி ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சாத்தான் ஒண்ணு."

கோழி கொத்தக் கொத்தக் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து என் காதோடு வைத்தார். சூடாக இருந்தது. உள்ளே இருந்து தட்டும் சத்தம் கேட்டது, பிறகு மெல்லிய ஒரு கீச்சு.

கோழி வளர்ப்பு என் மனைவி இருந்தவரை அவவின் வேலை. நான் ஒருநாளும் அதற்கு எண்ணியதில்லை. இழவுக்கு மட்டும்தான் எண்ணிப் பழகியிருக்கிறேன். வாங்கில் இருந்து திரும்ப எண்ணினேன். வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குத் தும்மல் பட்டது என்றால், சனி பின்னேரம் நாலு மணிக்குத்தான் ஒரு நாள். வெள்ளிக்கு வெள்ளி ஏழு. எட்டு முடிவது சனி. 2021இல் அந்தப் பரிசோதகர் சொன்ன பதின்மூன்று, பதின்மூன்றுதான்.

தேத்தண்ணி ஆறிப்போனது. திரும்பிப் போகும் பஸ் எதிரே வந்து நின்றது, ஏறவில்லை. வருகிறேன் என்று சொன்ன ஆள் நான். 9.35க்கு வவுனியா பஸ்ஸிலேயே திரும்ப ஏறினேன். புளியங்குளம் தாண்டித் தும்மல் மூன்று. தூசோ வைரஸோ, எனக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தானே அந்த எட்டு நாள்.

வவுனியாவில் 10.25. அங்கிருந்து நெளுக்குளம் ஐந்து கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 600 ரூபா. மகளின் படலைக்கு வெளியே, வேம்பின் கீழ் நின்று தொலைபேசியில் அழைத்தேன். உள்ளே அரைத்த மஞ்சள் வாசம். நான் நிற்பதைப் பார்த்து ஓட்டோக்காரத் தம்பி போகாமல் நின்றார்.

"உள்ளுக்குப் போகேல்லையோ ஐயா? மருமகனோட கோவமோ?"

"இல்லைத் தம்பி. ஒரு நாளோட."

சுகந்தி யன்னலுக்கு வந்தாள். இன்றைக்கு எட்டு இல்லை, ஏழு என்றேன். நான் பிழையாக எண்ணிவிட்டேன் என்பதையும் சொன்னேன். அந்த வசனம் என் வாயில் அடிக்கடி வருவதில்லை.

"நீங்கள் சொல்லாட்டி உள்ளுக்கு விட்டிருப்பன் அப்பா. கையிலயும் தந்திருப்பன். நான் எண்ணிப் பார்க்கேல்லை. நீங்கள் எண்ணுவியள் எண்டு விட்டிட்டன்."

பிறகு பிள்ளையைக் கொண்டுவந்து யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்தாள். மஞ்சள் தொப்பி, என் பெருவிரல் அளவு கை. சங்கிலியையும் அரிசியையும் எண்ணெயையும் படலையடியில் வைத்துவிட்டு நான் தள்ளி நிற்க, மருமகன் வந்து எடுத்துப் போனார். சங்கிலியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுக் கட்டச் சொன்னேன். கட்டும்போது மணி 11.15. சம்பந்தி அம்மா படலைக்கு மேலால் சோறு நீட்டினா. வேம்பின் கீழ் கதிரை போட்டுச் சாப்பிட்டேன். தெருவால் போன எல்லோரும் நான் கோபித்துக்கொண்டு நிற்கிறேன் என்றே நினைத்தார்கள். நினைக்கட்டும்.

அன்று பின்னேரமே கண்டாவளைக்குத் திரும்பி, சனிக்கிழமை முழுவதும் வீட்டுக்குள் நடந்தேன். காய்ச்சல் இல்லை, தடிமன் இல்லை. ஞாயிறு அதே சைக்கிள், அதே 7.20 பஸ். கனகராயன்குளத்தில் பஸ் நிற்கவில்லை. கடை வாசலில் குஞ்சுகள் திரிந்தன, எண்ணிக்கை பிடிபடவில்லை. 10.15க்குக் கையை முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, கதிரையில் இருந்தேன். சுகந்தி பிள்ளையை என் கையில் தந்தாள்.

சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அரிவி வெட்டுக் காலத்தில் நான் போன இந்த A9 வீதியில் பஸ் யன்னல் பக்கம் இருக்காதீர்கள், தும்மலுக்குக் காரணம் தேடியே பாதிச் சீவன் போய்விடும். முகக்கவசம் இரண்டு கொண்டுபோங்கள். சாதாரண சளிக்காய்ச்சல் வைரஸ் நாலு நாளுக்குள் காட்டிவிடும், ஆர்.எஸ்.வி. எட்டு வரை, கொரோனா பதினான்கு வரையும் இழுக்கலாம், இப்போது வருவது பெரும்பாலும் அதற்கு முன்னரே தெரியும். சின்னமுத்து என்கிற தட்டம்மை மூன்று கிழமை வரை போகும். நோயாளியோடு கடைசியாக இருந்த நாளைச் சேர்க்காமல், மறுநாளிலிருந்து எண்ணுங்கள். இடையில் தடிமன் வந்தால் எண்ணவே வேண்டாம், போகாதீர்கள்.

படலையில் ஒட்டிய அந்த 2021 அறிவித்தல் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதன் ஓரத்தில் நான் சிவப்புப் பேனையால் ஒன்று முதல் பதினான்கு வரை எழுதியிருந்தேன். ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் ஒன்றை வெட்டிப் பூச்சியம் போட்டேன், மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அண்ணன் எரிந்த நாளில் பதின்மூன்று வந்து நின்றது. அந்தப் பரிசோதகர் மீது எனக்கு இன்னும் கோபம்தான். ஏன் என்று கேட்டேன், அவர் சட்டம் என்றார். ஒரு கோழி முட்டையைக் காட்டியிருந்தால் போதும், நான் படலைக்குள்ளேயே நின்று அழுதிருப்பேன்.