காற்றாடிக்கு முன் பறந்த வீராங்கனை

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை, ஈப்போவில் நடந்த வாசகர் கூட்டத்தில், "பிள்ளைகளைச் சுதந்திரமாக வாசிக்க விடுங்கள்" என்று பேசிப் பொன்னாடையும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை, புந்தோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் மகளின் பள்ளிப் பையைச் சுங்கத்துறை அதிகாரிபோலக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பதினைந்து வயது. கொஞ்ச நாளாகச் சனிக்கிழமை தோறும் தாமதமாக வந்தாள். போனில் பேசும்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். போதாதா? பையிலிருந்து இரண்டு பொருள்கள் விழுந்தன. ஒன்று, அழகாக மடித்து வைத்த நீல நிறத் தூடோங். இங்கே முஸ்லிம் பெண்கள் தலையைச் சுற்றி அணிவார்களே, அது. எங்கள் வீட்டில் அதற்கு என்ன வேலை? இன்னொன்று, மலாய் மொழியில் ஒரு சித்திரக்கதை, ஸ்டேப்ளர் அடித்த சில தாள்கள். அட்டையில் அதே நீலத் தூடோங்கோடு ஒரு பெண் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு மேலே பறந்துகொண்டிருந்தாள். எழுதியவர் பெயர் இல்லை. சந்தேகத்துக்கு அதுவும் தோதாகப் போயிற்று.

இலக்கியக் கூட்டங்களில் குறியீடு தேடிப் பழகிய கண் சும்மா இருக்குமா? கதை என்னவோ எளிமையானதுதான். பள்ளி மாணவி ஒருத்திக்குத் தன் தூடோங்கை விரித்து மழையைத் தடுக்கும் சக்தி கிடைக்கிறது. வெள்ளம் வரும் இடங்களுக்குப் பறந்து போய் ஆட்களைக் காப்பாற்றுகிறாள். நான் அதை அப்படியா படித்தேன்? மழை என்றால் சோதனை, துணி என்றால் சமயம், பறப்பது என்றால் வீட்டை விட்டுப் போவது. கதை இன்னும் முடியவில்லை; இருந்த தாள்களின் கடைசியில் பொட்டு வைத்த ஒரு தமிழ்ப் பெண் வருகிறாள். வீராங்கனையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் உன்கூட வருகிறேன்" என்கிறாள்.

எங்கே போகிறாய் மகளே என்று எனக்கு வியர்த்துவிட்டது.

மனைவியிடம் காட்டினேன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவகிட்டயே கேட்டா என்னங்க?" என்றாள்.

"கேட்டா மறைச்சிடுவா."

"நீங்க பையக் கொட்டுனத அவகிட்ட சொல்லுவீங்களா?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை என்று எழுந்துவிட்டேன். அன்றே தாப்பாவில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டேன். என்னைவிட வேகமாகப் பயப்படக் கூடியவள் அவள் ஒருத்திதான். "அண்ணே, அவகிட்ட ஒன்னும் பேசாதீங்க. இங்க அனுப்பிருங்க. ஸ்கூலுக்கு நடந்தே போலாம்" என்றாள். பள்ளி விடுமுறை முடிந்ததும் மகளை அங்கே மாற்றிவிடுவதென்று நாங்கள் இருவரும் பேசி முடித்தோம். மகளுக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது.

ஆனாலும் கண்ணால் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அடுத்த சனிக்கிழமை அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனேன். பழைய பட்டணத்தில் ஒரு போட்டோஸ்டேட் கடைக்குள் நுழைந்தாள். எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் டீ ஒன்று சொல்லிவிட்டு, நாளிதழைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எதிர்க் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். இரண்டு பேர் தலையிலும் தூடோங். ஒன்று நீலம்.

அடுத்த மேசையில் ஒருவர் என் வயதுக்காரர். கையில் உணவுப் பட்டியல். அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை. பட்டியலுக்கு மேலாக அதே கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகளை மதம் மாற்றப் பார்க்கும் ஆள் இவன்தான் என்று என் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. எழுவதா, போலீஸைக் கூப்பிடுவதா என்று நான் யோசிப்பதற்குள் அவரே எழுந்து வந்தார்.

"என்னண்ணே, வந்ததுலருந்து அந்தப் பொண்ணுங்களயே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"நீங்க மட்டும் சுவத்தயா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"தூடோங் போட்டிருக்குல்ல, அது என் மகள்லா!"

"ரெண்டும்தான் போட்டிருக்கு. அதுல ஒன்னு என்னுது."

அவர் என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி திருநீறு. "உங்க மகளுக்கு எதுக்குண்ணே தூடோங்?"

"அதத்தான் நானும் கேக்க வந்தேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். மனிதர் தமிழ் முஸ்லிம், பக்கத்துத் தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார். "யாராச்சும் ஒரு போட்டோ எடுத்துப் போட்டா என்னாகும்? நாங்கதான் மதம் மாத்துறோம்னு ரிப்போட் குடுத்துருவாங்க. கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்லா." அவர் கையிலும் அந்தச் சித்திரக்கதையின் சில தாள்கள் இருந்தன. தூடோங் போட்ட பெண்ணைப் பறக்கவிட்டு மார்க்கத்தைக் கேலி செய்கிறார்களோ என்பது அவர் சந்தேகம். "எம்மகள யாரோ கெடுக்குறாங்கண்ணே," என்றார்.

அந்த 'யாரோ' என் மகள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் பெண்ணையா சொல்கிறார்? யாரென்று தெரியாமலே அவர் பெண்ணைப் பற்றி ஒரு வாரமாக நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இருவரும் சாலையைக் கடந்து கடைக்குள் நுழைந்தோம். என் மகள் தாள் பெட்டிகளின் மேல் கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தாள். எதிரே ஒரு காற்றாடி முழு வேகத்தில் சுற்ற, நீலத் தூடோங் பின்னால் படபடத்தது. கீழே அவர் மகள் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அங்கிள், காத்த மறைக்கிறீங்க. தள்ளுங்க" என்றாள்.

பள்ளி நூலகத்தின் சித்திரக்கதைப் போட்டியாம். படம் அவள், கதை என் மகள். "அவளே வரையணும்லா. துணி எப்படிப் பறக்குதுன்னு பாக்க யாராச்சும் நிக்கணும்ல?" என்றாள் என் மகள், கைகளை இறக்காமலே.

துணிக்கடைக்காரர் மேசையில் கிடந்த தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் அவர் கை நின்றது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது மக்ரிப் பாங்கு கேட்கிறது. வீராங்கனை தொழப் போய்விடுகிறாள். வில்லன் ஒரு பாறைமேல் உட்கார்ந்து காத்திருக்கிறான். அவர் சிரித்துவிட்டார். "வில்லனுக்கு மரியாத தெரியுதுலா," என்றார்.

நான் அசடு வழிய மகளிடம், "என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன். பெரிய சமயக் காரணம் ஏதோ வரும் என்று எதிர்பார்த்தேன்.

"ஆறாம் ஆண்டு படிக்கிறப்ப ஒரு கதை எழுதிக் காட்டுனேன். 'உள்ளடக்கம் பலவீனம்'னு சிவப்பு மையில எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கப்பா."

அப்புறம் அவள் குரல் இறங்கியது. "தாப்பா அத்தை போன் பண்ணாங்க. எனக்குக் கட்டில் வாங்கிட்டாங்களாம். என்னை அனுப்பப் போறீங்களா?"

என் தங்கையின் வேகத்தை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். இரண்டு பெண்களும் என்னையே பார்த்தார்கள். மகள் மேசையில் கிடந்த தாள்களையும் பார்த்துக்கொண்டாள், அவற்றை நான் கிழித்துவிடுவேன் என்பதுபோல. அவற்றில் மேலே கிடந்த படத்தில் வீராங்கனையின் மறைவிடம் ஒரு பழைய கட்டடம். ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் கூடம். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், இப்போது எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு நடுவே இடிந்து நிற்பது. ஒரு தீபாவளி அன்று நான்தான் அவளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். இத்தனை குறியீடு கண்டுபிடித்தவனுக்கு அது மட்டும் கண்ணில் படவே இல்லை.

"இல்லம்மா. கட்டிலத் திருப்பிக் குடுக்கச் சொல்லிடுறேன்," என்றேன்.

துணிக்கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கத நல்லாருக்கு. ஆனா உங்க மக தூடோங் போட்டு நிக்கிறது வேணாம். பயமாருக்குலா." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர் அப்படி. அப்படியானால் கடைசிப் படத்துக்கு யார் நிற்பது? திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

நான் பெட்டிமேல் ஏறினேன். துணிக்கடைக்காரர் ஓடிப் போய்த் தம் கடையிலிருந்து ஒரு மேசைவிரிப்பைக் கொண்டுவந்து என் தோளில் கட்டிவிட்டார். கைகளை விரித்தேன். மேசைவிரிப்பு கம்பீரமாகப் பறந்தது. வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் போனை வெளியே எடுத்தார்கள்.

போட்டியில் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது வீட்டில் மூடிய எதையாவது திறக்கக் கை போனால், பக்கத்து அறையில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று நின்றுவிடுகிறேன். சில நாள் கேட்கவும் செய்கிறேன். அச்சான பிரதியைக் கொடுக்கத் துணிக்கடைக்காரர் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கடைசிப் படத்தில் தோட்டம் முழுவதற்கும் குடைபோலத் துணியை விரித்து நின்றாள் வீராங்கனை. நான் கொஞ்சம் பெருமையோடு, "நல்லா வந்திருக்குல்ல?" என்றேன்.

"துணி சூப்பரா வந்துச்சு அங்கிள்," என்றாள். "தொப்பைய அழிக்கத்தான் ரொம்ப நேரமாச்சு."