யார் பிழை என்று சண்டை பிடித்த நாட்கள்

எனக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள். பத்தொன்பது வயதில் ஒருநாள் மூத்தவள், "அம்மா, நான் பெடியன், ஆம்பிளைப் பிள்ளை. சின்ன வயசிலயிருந்தே அப்பிடித்தான்" என்றாள்.

அன்றிலிருந்து வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் ஓயாத சண்டை. "நீ வளர்த்த வளர்ப்பு" என்றார் கணவர். "உங்கட பரம்பரையில ஏதோ இருக்கு" என்றேன் நான். கர்ப்பத்தில் குடித்த மருந்தையும், பிறகு வாங்கிக் கொடுத்த காற்சட்டைகளையும் நினைத்து நினைத்து நித்திரை கெட்டேன்.

ஒரு ஞாயிறு, சண்டையின் நடுவே பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. போன் மேசையில் கிடந்தது. கடற்கரையோரம் ரயில் ஓடும் தண்டவாளம் நினைவுக்கு வர, செருப்பில்லாமல் ஓடினேன். இளையவளும் அழுதபடி கூட ஓடி வந்து சொன்னாள்:

"ஒரே வயித்தில இருந்தம், ஒரே சட்டை போட்டு வளர்ந்தம். நான் பொம்பிளைப் பிள்ளை, அவன் பெடியன். இதில யாற்ற பிழையைத் தேடுறீங்கள்?"

மூத்த பிள்ளை தண்டவாளத்துக்கு அப்பால், கடலோரக் கற்பாறையில் உட்கார்ந்திருந்தது.

"என்னைப் பற்றித்தான் சண்டை. என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே, அம்மா."

அவன் ஏன் பெடியன் என்ற காரணம் எனக்கு இன்றும் தெரியாது. உறவினர் கேட்டால், "அவன் உள்ளுக்க இருக்கிறான், அவனோட கதையுங்கோ" என்கிறேன். அவன் வர அரை மணி பிந்தினாலும் பால்கனிக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். பொறுக்க முடியாமல் போன் எடுத்து, "எங்க நிக்கிறாய், மகன்?" என்று கேட்கிறேன்.