பளபளக்கக் கூடாத மோட்டார்

படகுத்துறையில் அவருக்கு ஒத்தடக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது; அந்த அட்டையும் எந்நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கழுத்தில் தொங்கும். கடலுக்குப் போய்வந்த படகுகளின் பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டார்களைக் கழுவித் துடைப்பது அவர் வேலை. அதிலும் மேட் பெயின்ட் அடித்த மோட்டார் என்றால் வேறு யாரையும் கிட்டே விடமாட்டார்கள்.

மேட் என்றால் மினுமினுப்பே இல்லாத பெயின்ட். சிலேட்டுப் பலகை மாதிரி இருக்கும். காசு சேரச் சேரப் பளபளப்பு அலுத்துப்போகும் போலிருக்கிறது, கூடக் காசு கொடுத்து மங்கலாக அடித்துக்கொள்கிறார்கள். அதைப் பராமரிப்பது கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. வாக்ஸ் ஆகாது, பாலிஷ் ஆகாது, பிரஷ் ஆகவே ஆகாது. நல்ல தண்ணீர் விட்டு உப்பை ஓடவைத்து, காரமில்லாத ஷாம்பூ போட்டு, மெத்தென்ற துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் வழவழப்பாகிப் பளபளக்க ஆரம்பித்துவிடும். அப்படி வந்த பளபளப்பைப் போக்க மருந்து கிடையாது, மோட்டாரின் மேல்மூடி முழுவதற்கும் மறுபடி பெயின்ட்தான். இவர் ஒற்றி ஒற்றி எடுக்கிற அழகைப் பார்த்து, "மோட்டாருக்கு எங்க சுளுக்கு?" என்று டீசல் போடுகிறவர் ஒருநாள் கேட்டதில் வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர்.

ஒரு காலத்தில் கார்களுக்கு முகம் பார்க்கிற அளவு பாலிஷ் போட்டுக்கொடுத்த மனிதர் அவர். கடை இருந்தது, கடையில் ரேடியோ இருந்தது, மதியச் சாப்பாட்டோடு வந்து சண்டை போட மனைவியும் இருந்தாள். கடை இருந்த கட்டடம் இடிபட்டது. மகள் கல்யாணமாகி வெளிநாடு போனாள். பேத்தி பிறந்ததும், "ஆறே மாசம், வந்துடறேன்" என்று மனைவியும் போனாள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறது. யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. போன் வரும், "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பாள், அதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கும். இவரும், "சரி, சரி, நீ போய்ப் பாரு" என்று வைத்துவிடுவார். பிறகு ஒற்றை அறையில் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார். பூசி மெழுகாமல் சொன்னால், மனுஷன் பேச்சுத்துணைக்கு ஏங்கிப்போயிருந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் டைல்ஸ் கடை முதலாளி ஒருவரின் படகு துறைக்கு வந்தது. கறுப்பு மேட் மோட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு கடலுக்குள் போய் மத்தியானம் திரும்புவார்கள். மற்றவர்கள் கரைக்குத் தாவிக் கிளப்புக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். முதலாளியின் அப்பாவுக்கு மூட்டுவலி, படியேற முடியாது. அவருக்குச் சாப்பாடு படகுக்கே வரும். சாப்பிட்டுவிட்டுப் பின்னிருக்கையில், மோட்டாருக்குப் பக்கத்திலேயே, மகன் வரும்வரை உட்கார்ந்திருப்பார்.

பெரியவர் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பெட்டியில் தன்னந்தனியே உட்கார்ந்து வாழ்க்கையை ஓட்டியவர். அத்தனை வருஷம் பேசாமல் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் ஒத்தடக்காரர் காதில் கொட்டினார். காட்டுக்கு நடுவே ரயில் நின்றுபோன கதை, சிக்னல் கம்பத்தில் ஏறிய பைத்தியக்காரனின் கதை, தன் மைத்துனன் இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டு வீட்டிலும் மாட்டிக்கொண்ட கதை. ஒரு கதைக்குள் இன்னொரு கதை புகுந்து, முதல் கதை நடுவழியில் நிற்கும். ஒத்தடக்காரருக்கு அது அமுதம்.

"வேலை முடிஞ்சுதாப்பா?" என்று பெரியவர் நடுவில் கேட்பார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்கய்யா."

இருக்காது. எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் சும்மா நின்று கதை கேட்க அவருக்குக் கூச்சம். கூலிக்கு வந்தவன் துணியை மடித்துவிட்டால் அடுத்த படகுக்குப் போகத்தானே வேண்டும்? அதனால் பெரியவர் பக்கம் இருந்த மூடியின் ஓரத்தில் துணியை வைத்தபடி, கை தன்பாட்டில் வட்டம் போட, காதை மட்டும் கதையில் வைத்திருப்பார். வாரத்தில் அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு காலை படகுத்துறை மேனேஜர் அவரை அவசரமாகக் கூப்பிட்டனுப்பினார். படகு கிளம்பத் தயாராக நின்றது. பெரியவர் வழக்கமான இடத்தில் இருந்தார். முதலாளி மோட்டாரைச் சுட்டிக்காட்டினார். சாய்வாக விழுந்த காலை வெயிலில், மூடியின் ஓரத்தில் உள்ளங்கையளவுக்கு ஒரு பளபளப்பு. உச்சிவெயிலில், ஈரத்தோடு பார்த்தே பழகியதால் அது அவர் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது பார்த்த மாத்திரத்தில் அது யார் கை வேலை என்று புரிந்துபோனது.

மேனேஜர் முந்திக்கொண்டார். "நம்ம ஆளு பாலிஷே தொடமாட்டாரு சார். யாராவது அடிக்கடி கை வச்சாலும் இப்படி ஆகும்."

முதலாளி அப்பாவைப் பார்த்தார். "அப்பா, நீங்க எந்திரிக்கும்போது இதப் பிடிச்சுதானே எந்திரிக்கிறீங்க? எத்தன தடவ சொல்றது? இனிமே நீங்க வீட்லயே இருங்க. இங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?"

பெரியவர் தன் உள்ளங்கையை விரித்து, அதில் கறுப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஊரெல்லாம் பேசித் தீர்க்கிற வாய் மகன் முன்னால் அடைத்துப்போயிருந்தது. ஒத்தடக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் இந்த மனிதரை வீட்டில் உட்காரவைத்துவிடுவார்கள்.

"ஐயா கை இல்ல சார், என் கைதான்," என்றார்.

"உங்க கையா? தேய்க்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். வேலை முடிஞ்சப்புறமும் போகாம அங்கயே துடைச்சுட்டிருந்தேன்."

"எதுக்கு?"

அவருக்குக் காது மடல் சூடானது. "ஐயா பேசிட்டிருந்தாரு. கேட்டுட்டிருந்தேன்."

"இவர் பேசறதையா?" முதலாளி சிரித்தேவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, நிஜமாகவே ஆச்சரியம். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத பேச்சுக்கு இப்படி ஓர் ஆளா என்ற ஆச்சரியம். பெரியவருக்கு அந்தச் சிரிப்பு எங்கே குத்தியிருக்கும் என்று ஒத்தடக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமலே தெரிந்துகொண்டார்.

முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பினார். "பெயின்ட் செலவ நீங்க பாத்துக்குங்க. இன்னையிலேருந்து வேற ஆள அனுப்புங்க." மேனேஜர் தலையாட்டினார். அப்பாவை வீட்டில் விடுகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை, அந்தமட்டில் நிம்மதி.

கயிற்றை அவிழ்த்தாயிற்று. அப்போதுதான் பெரியவர் முன்னால் சாய்ந்து கேட்டார்: "உங்க வீட்ல யாருப்பா இருக்கா?"

இத்தனை ஞாயிறுகளில் அவர் கேட்டதே இல்லாத கேள்வி. ஒத்தடக்காரரும் கேட்கப்படுவோம் என்று எதிர்பார்த்ததில்லை. மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"யாருமில்லங்கய்யா."

முதலாளி சாவியைத் திருகினார். மோட்டார் உறுமிக்கொண்டு தண்ணீரைக் கிளப்ப, படகு துறையை விட்டு நகர்ந்தது. பெரியவர் இருக்கையில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட இவர் காதில் விழவில்லை. ஆனாலும் படகு தூரமாகும்வரை, எல்லாம் கேட்கிற மாதிரி, தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.