பாட்டு முடிந்ததும் மோட்டார்

அக்காவுக்கு அருவருப்பு என்ற ஒன்று கிடையாது. எனக்கு இருக்கிறது, இரண்டு பேருக்கும் சேர்த்து. கூட்டம் கூடும் இடங்களில் வரிசையாகக் கொண்டுவந்து வைக்கிறார்களே பிளாஸ்டிக் கக்கூஸ் பெட்டிகள், அவற்றின் அடித்தொட்டியை உறிஞ்சி எடுப்பது எங்கள் தொழில். அவள் கழிவுநீர் லாரி ஓட்டுகிறாள், நான் குழாய் பிடிக்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் முதல் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். "குமட்டுதுக்கா" என்பேன். அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. "மனுஷன் வயித்துல இருந்ததுதானடா. வானத்துலருந்தா விழுந்துச்சு?" என்று என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கித் தானே இறக்குவாள்.

லாரி அத்தானுடையது. அவர் இடுப்பு போய்ப் படுத்தபோது பையன் கைக்குழந்தை. அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டாள், பையனைப் பக்கத்து சீட்டில் துணியைச் சுற்றிப் படுக்கவைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கழிவை உறிஞ்சும் மோட்டார் ஓடினால்தான் அவன் தூங்குவான். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகும் லாரி நிற்கவில்லை. "வேற வேலையே கிடைக்கலையாடி உனக்கு?" என்று கேட்ட சித்தியிடம், "உங்க வீட்டுத் தொட்டி ரொம்பினா யாரைக் கூப்பிடுவீங்க சித்தி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவளால் தாங்க முடியாதது ஒன்றுதான், அரைகுறை. பாதி குடித்த டீயைக் கண்டால் ஆகாது. சரியாக மூடாத குழாயைக் கண்டால் நின்று மூடிவிட்டுத்தான் நகர்வாள், அது யார் வீட்டுக் குழாயாக இருந்தாலும். தொட்டியில் அடிவண்டல் கொஞ்சம் தங்கினாலும் மறுபடி தண்ணீர் விட்டு இழுப்பாள்.

அப்படிப்பட்டவள் வயிற்றில் வந்து பிறந்தான் என் அக்கா மகன். கம்ப்யூட்டர் படிப்பு பாதி, வயரிங் வேலை பாதி, தட்டில் வைத்த சாப்பாடு பாதி. பெயரே மறந்துபோகும் அளவுக்கு நாங்கள் அவனை 'பாதி' என்றுதான் கூப்பிடுவோம். கடைசியில் டிரம்ஸ் அடிக்கப் போனான். அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு குழு கிடைத்தது. ஜாம் பேண்டு என்று சொல்லிக்கொண்டார்கள். எதையும் முன்கூட்டித் தீர்மானிக்க மாட்டார்கள். மேடையேறி ஒருவன் ஏதோ ஒன்றை இழுப்பான், மற்றவர்கள் பின்னாலேயே போவார்கள், பாட்டு போய்க்கொண்டே இருக்கும். டிரம்ஸ்காரன் குச்சியைத் தலைக்குமேல் தூக்கினால்தான் முடிவு. உலகத்தில் எதையுமே முடிக்காதவனைப் பார்த்து அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்தக் கோடையில் அவர்கள் கடற்கரையில் கச்சேரி வைத்தார்கள். கக்கூஸ் வேலை எங்களுக்கு வந்தது. அக்கா அதை மகனிடம் சொல்லவில்லை; அவனும் எங்களைக் கூப்பிடவில்லை. காலையில் மேடைக்கு முன்னால் லாரியைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"அம்மா, வண்டிய மேடைக்குப் பின்னாடி தள்ளி நிறுத்தேன். இங்க ஃபோட்டோ எடுக்கறாங்க."

அவள் வண்டியை எடுத்துக்கொண்டுபோய் மேடையின் பின்பக்கக் கறுப்புத் துணியை ஒட்டி நிறுத்தினாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வளர்ந்த தடிமாட்டுக்கு அம்மாவின் வண்டி கண்ணை உறுத்துகிறது.

கழுத்தில் அட்டை தொங்கிய ஏற்பாட்டாளன் ஒருவன் வந்தான். பாட்டைப் பதிவு செய்கிறார்களாம், பாட்டு ஓடும்போது மோட்டார் போடக் கூடாதாம்.

"ஒரு பாட்டு முடிஞ்சதும் போடுங்க. அடுத்தது ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க" என்றான்.

"இவனுங்க பாட்டு முடியாதே தம்பி" என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். "எல்லாப் பாட்டும் முடியும்மா."

உச்சி வெயிலில் தொடங்கிய பாட்டு, நிழல் நீண்ட பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். பீர் வாடையும், உடம்பில் பூசிய களிம்பு வெயிலில் உருகிய வாடையும், வியர்வையும் ஒன்றாகச் சேர்ந்து காற்றே பிசுபிசுத்தது. பாதி கடித்த ரொட்டியை மணலில் போட்டு அதன்மேலேயே ஆடினார்கள். ஒருவன் லாரிச் சக்கரத்தில் கையை ஊன்றி வாந்தி எடுத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "செம வைப் இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனான். மேடையில் பாடகன், பாட்டை நிறுத்தாமலே, "இந்தக் கடலை நேசிங்க, சுத்தமா வச்சுக்குங்க" என்று உருகினான். அதைக் கேட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்ட பெண் மறுகையிலிருந்த பிளாஸ்டிக் குவளையைக் கீழே விட்டாள். இவர்களுக்காகவா நான் குழாய் பிடிக்கிறேன் என்று வெறுத்துப்போனது.

பெட்டிகள் மேடையின் ஓரமாக, எங்கள் குழாய் எட்டும் தூரத்தில், மேட்டில் இருந்தன. சரிவுக்குக் கீழே ஜனங்கள் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகள் மணலைத் தோண்டி விளையாடின. அதற்கும் கீழே கடல். முதல் பெட்டியிலிருந்து ஒருவர் குதிகாலால் நடந்து வெளியே வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா கதவைத் திறந்து பார்த்தாள். விளிம்புவரை வந்திருந்தது. அடுத்ததும் அப்படியே.

"ரொம்பிருச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல வழிஞ்சு பிள்ளைங்க மேல போயிரும்" என்றாள்.

"போகட்டும்க்கா. அப்பவாவது எந்திரிக்கறாங்களா பாப்போம்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏற்பாட்டாளனைத் தேடிப் போனாள். அவன் உதட்டில் விரலை வைத்தான், மேடையைக் காட்டினான். அதன்பிறகு அவள் நேராக மேடையின் பக்கவாட்டுப் படிக்கே போய் நின்றாள், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக. மகன் பார்க்கும்வரை கையை ஆட்டினாள். பிறகு உள்ளங்கையைக் காட்டி மூடினாள். முடி என்று அர்த்தம். அவன் சின்னப் பையனாக இருந்தபோது தட்டில் சாப்பாட்டை அளைந்தால் அதே சைகைதான் காட்டுவாள்.

அவன் பார்த்தான். பார்த்ததை நான் பார்த்தேன். குச்சி தலைவரை உயர்ந்துவிட்டது. அதற்குள் பாடகன், இவன் யாரைப் பார்க்கிறான் என்று திரும்பினான். சட்டென்று குச்சி கீழே இறங்கியது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முன்னிலும் பலமாக அடிக்க ஆரம்பித்தான்.

அக்கா திரும்பி வந்தாள்.

"ஒருவேளை கவனிக்கலையோ என்னவோ" என்றேன். நான்கூட அவனுக்காகப் பேசினேன்.

"கவனிச்சான்" என்றாள். மோட்டாரைப் போட்டாள்.

எங்கள் மோட்டார் பழசு. பெல்ட் தளர்ந்துபோய், மூன்று அடி ஒழுங்காக அடித்து நாலாவதில் நொண்டும். மேடைக்குப் பின்னாலேயே நின்றதால் அந்தச் சத்தம் மைக்குகளில் புகுந்து கடற்கரை முழுக்க அதிர்ந்தது. ஏற்பாட்டாளன் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். அதற்குள் டிரம்ஸ் தடுமாறியது, நின்றது, பிறகு மோட்டாரின் நொண்டலோடு சரியாகச் சேர்ந்துகொண்டது. எங்கே நொண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மற்றவர்களும் கூடச் சேர்ந்தார்கள். கூட்டம் எழுந்து ஆடியது, அதைப் பார்த்து ஏற்பாட்டாளனும் பாதி வழியில் நின்றுவிட்டான். துணியின் விலகல் வழியாக அவன் முகம் தெரிந்தது, அப்படி ஒரு மலர்ச்சி. நானும் காலால் தாளம் போட்டேன், மறைப்பானேன். அக்கா குழாயைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள்.

பாடகன் மைக்கில் கத்தினான்: "என்ன சத்தம்டா அது? எங்கருந்து வருது?"

எல்லோரும் டிரம்ஸ் பக்கம் திரும்பினார்கள். அவன் மைக் பக்கம் குனிந்தான்.

"கடல்! கடல் நம்மகூட வாசிக்குது!"

கடற்கரையே ஓவென்று ஆர்ப்பரித்தது. அக்கா குனிந்து குழாயை அடுத்த தொட்டிக்கு மாற்றினாள்.

நானாக இருந்தால் அப்போதே நிறுத்திவிட்டுக் கிளம்பியிருப்பேன், எல்லாம் அவர்கள் தலையில் வழியட்டும் என்று. அவள் ஒரு பெட்டியைக்கூட விடவில்லை. கடைசித் தொட்டிவரை இழுத்து, தண்ணீர் விட்டு மறுபடி இழுத்து, அடிவண்டல் போனதும்தான் மோட்டாரை அணைத்தாள். டிரம்ஸ் தனியாக இரண்டு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது. பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கவே நேரமானது.

அவன் வியர்வை சொட்டச் சொட்டப் பின்பக்கம் ஓடிவந்தான். எங்களுக்கு இரண்டு எட்டு தள்ளியே நின்றுகொண்டான்.

"அம்மா, பின்னிட்ட! அடுத்த கச்சேரிக்கும் வந்துரு. வண்டிய இதே மாதிரி பின்னாடி நிறுத்திக்கலாம். என்ன ஏதுன்னு பசங்ககிட்ட நான் எதுவும் சொல்லல, நீயும் சொல்லிக்காத."

அக்கா கையுறையைக் கழற்றினாள். சோப்பு போட்டு, முழங்கைவரை, அவசரமில்லாமல் கழுவினாள். கைகளை முன்னால் நீட்டியபடி அவனைப் பார்த்தாள். அம்மா ஏதோ நல்லதாகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து அவன் ஓர் எட்டு முன்னால் வந்தான். அப்போது அவள் முகம் சுளித்தது. மூக்கும் உதடும் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டன. இத்தனை வருஷத்தில் எந்தத் தொட்டியைத் திறந்தபோதும் நான் பார்க்காத முகம் அது.

"தள்ளி நில்லுடா" என்றாள். "குமட்டுது."

நான் குழாயைச் சுருட்டி லாரியில் ஏற்றினேன்.