என் கொக்கியில் அப்பாவின் கோட்டு

அப்பாவிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. கலியாணம், தேவாலயத்தில் பிள்ளைகளின் முதல் நன்மை என்றால் மட்டும் அலுமாரியை விட்டு வெளியே வரும். நான் இரண்டாம் வகுப்பில் படித்தபோது ஒரு சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு அப்பா என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

அப்போது டென்மார்க்கில், ஒடென்சேக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருந்தோம். அங்கிருந்த பள்ளிக்கூடத்தைக் கொம்யூன் என்கிற உள்ளூராட்சி மூடிவிட, ஊர்ப் பெற்றோரே கூடி அதை ஃப்ரிஸ்கோலே என்கிற தனிப் பள்ளியாக எடுத்து நடத்தினார்கள். பெரும்பகுதிச் செலவை அரசாங்கம் கொடுக்கும். மிச்சத்துக்கு ஒவ்வொரு வீடும் மாதாமாதம் கொஞ்சம் கட்டவேண்டும். சின்னப் பிள்ளைகள் முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே முற்றம். நடத்துவது பெற்றோர் என்பது அப்பாவுக்கு விளங்கியிருக்கவில்லை. காசு கட்டிப் படிக்கிற இடம், பிழை விட்டால் அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் அவருக்கு விளங்கியது.

அந்தக் கிழமை நான் வீட்டுக்கு வந்து, “சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்கு வரவேணுமாம்” என்றேன். எதற்கு என்று டீச்சர் சொன்ன நேரம் நான் ஜன்னலுக்கு வெளியே ஓர் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“என்னடா செய்தனீ?”

“ஒண்டும் செய்யேல்லை.”

“ஒண்டும் செய்யாமல் தாய் தேப்பனைக் கூப்பிடுவாங்களோ?”

அம்மா அடுப்படியிலிருந்து மெதுவாகக் கேட்டார். “பேரை வெட்டப்போறாங்களோ?”

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. முடிக்கப்போகிற முதல் ஆள் நான்தான் என்று அப்பா வேலையிடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். இரண்டாம் வகுப்பிலேயே அதற்குக் கண்டம் வந்துவிட்டது.

அவர்கள் அவ்வளவு உறுதியாக இருந்தபடியால் நான் ஏதோ செய்துதான் இருக்கவேண்டும் என்று எனக்கும் பட்டது. யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் இருக்கும் பிள்ளை ஈரல் மசியல் பூசிய பாண் துண்டை எடுத்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தி எடுப்பதுபோல நடித்திருந்தேன். அதை அப்பாவிடம் சொன்னேன். காய்ச்சலுக்குக் காரணம் அகப்பட்ட டொக்டர்போல அவர் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை அப்பா கோட்டும் டையுமாக நின்றார். அம்மா சேலை உடுத்தி, மடியில் ஒரு பெட்டி மீன் ரோல்ஸோடு காரில் ஏறினார். மன்னிப்புக் கேட்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். கார் சித்தப்பாவினுடையது. அப்பாவின் டேனிஷ் பேச்சு தொழிற்சாலைக்குள் ஓடும், வெளியே வந்தால் நின்றுவிடும். அதனால் கதைப்பதற்கென்று சித்தப்பாவைக் கோல்டிங்கிலிருந்து வரச் சொல்லியிருந்தார்.

சித்தப்பாவுக்குப் பகிடி வராத நேரமே கிடையாது. “அண்ணை, அண்டைக்கு அப்பு சாரத்தோட போனபடியால்தான் உங்கட பேரை வெட்டினவங்கள் எண்டு நினைச்சோ இண்டைக்குக் கோட்டுப் போட்டனீங்கள்?”

“நீ ரோட்டைப் பார்த்து ஓடு.”

அது நான் பலமுறை கேட்ட கதை. மன்னாரில் அப்பா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, பிள்ளை ஒழுங்காக வருவதில்லை என்று தகப்பனான அப்புவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வலையைப் போட்டுவிட்டு இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு ஓடிப்போன அப்பு, உள்ளே போகக் கூசி வாசலிலேயே நின்றாராம். அத்தோடு பள்ளி வரவு இடாப்பில் அப்பாவின் பெயர் வெட்டுப்பட்டது. சித்தப்பா அதை அப்பு நின்ற மாதிரியே வளைந்து நின்று நடித்துக் காட்டுவார். எனக்கு அது சிரிப்புக் கதை. அன்றும் பின் சீட்டில் இருந்து சிரித்தேன்.

பள்ளி முற்றத்தில் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் கிழிந்த காற்சட்டையும் றப்பர் சப்பாத்துமாக மண் கிண்டிக்கொண்டும் கதவுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டும் நின்றார்கள். ஏணியில் நின்று ஒருவர் மழைத் தண்ணீர் ஓடும் கூரைப் பீலியிலிருந்து அழுகிய இலையை அள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

“ஹெட்மாஸ்டர் எங்கை?” என்றார் அப்பா.

“அதுதான் ஹென்றிக்” என்று ஏணியைக் காட்டினேன்.

“பேர் சொல்லாதையடா!”

அப்பா ஏணியடிக்குப் போய்க் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். இரவிரவாகப் பாடமாக்கிய டேனிஷை மேலே பார்த்துச் சொன்னார். “மன்னிக்கவேணும். பிள்ளை சின்னன். பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பவேண்டாம்.”

ஹென்றிக் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். “இவனா? இவன் என்ன செய்தான்?”

அப்பா என் முதுகில் தட்டினார். ஈரல் மசியல் விசயத்தைச் சொன்னேன். ஹென்றிக் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. அப்பா பாய்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லது, அப்படியே பிடியுங்கள்” என்றார் ஹென்றிக். “இன்றைக்கு எல்லாருக்கும் வேலை நாள். ஏணி பிடிக்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.”

சித்தப்பா மொழிபெயர்த்து முடிக்கும் முன் அப்பாவின் தோளில் ஒரு கை இலை விழுந்தது. “கோட்டைத் தாங்கோ அண்ணை, காருக்குள்ள வைக்கிறன்.”

“வேண்டாம்.” அப்பா ஏணியைச் சித்தப்பாவின் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார். “உன்ர உடுப்புக் கொழுவுற இடம் எங்கை?”

நடைக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொக்கி. மேலே டீச்சர் ஒட்டிய பெயர்த் துண்டு. என்னுடையது என் தலை உயரத்தில் இருந்தது. கோட்டைக் கொழுவியபோது அதன் விளிம்பு தரையில், மண் பிடித்த சப்பாத்துகளுக்கு நடுவில் கிடந்தது. பெரியவர்களுக்கு அந்தப் பக்கம் வேறு கொக்கி இருக்கிறது என்று டேனிஷில் முணுமுணுத்தேன்.

“ஓம், இருக்கட்டும்” என்று அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏணிக்குப் போய்விட்டார். மத்தியானம் எல்லாருக்கும் கொடுத்த சூப்புக்கு முன்னமே மீன் ரோல்ஸ் முடிந்துவிட்டது. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு ஜன்னல் துடைத்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வேலை நாளுக்கும், வேலை நாள் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அப்பா கோட்டோடுதான் வந்தார். ஒவ்வொரு முறையும் என் கொக்கியில்தான் கொழுவினார். ஒன்பதாம் வகுப்பில் என் கொக்கியும் உயர்ந்துவிட, அது தரையில் முட்டவில்லை.

அந்த முதல் வேலை நாளில் வீட்டுக்குப் போக வெளிக்கிட்டபோது கோட்டை எடுக்க நானும் கூடப் போனேன். டென்மார்க்கில் எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு வழக்கமாக இருப்பதுபோல எனக்கும் தகப்பனின் பெயர்தான் குடும்பப் பெயர். பெயர்த் துண்டில் டீச்சர் முதலில் என் பெயரையும் அடுத்து அப்பாவின் பெயரையும் எழுதியிருந்தார். அப்பா குனிந்து, கோட்டை விலக்கி, அந்தத் துண்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு விரலால் தடவினார், முதலாவது சொல்லை விட்டு, இரண்டாவது சொல்லை மட்டும்.

தூசி தட்டுகிறார் என்று நினைத்தேன்.

“அப்பா, அது புதுசு. ஊத்தை ஒண்டும் இல்லை” என்றேன்.