வயலினுக்குள் அரிசி

சட்டன் என்ற ஆங்கிலேய ஊரில் நாங்கள் இருந்த காலத்தில், வீட்டு வரி கேட்டு வரும் கவுன்சில் கடிதத்தைவிட அப்பா அதிகம் பயந்தது ஒரு வயலினுக்கு. நான் அன்ரி என்று அழைத்த பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி எனக்கு இரவல் தந்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருடைய பூட்டனார் பலகையைத் தட்டி ஓசை கேட்டுக் கேட்டுச் சீவிச் செய்ததாம். நான் வாசிக்கும்போதெல்லாம், விழுந்தால் பிடிக்க அப்பா இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

சரஸ்வதி பூசையன்று அம்மா வயலினைப் படத்தின் முன் வைத்தார். கறை பிடிக்கும் என்று சந்தனத்தை அப்பா தடுத்துவிட்டார். அரிசியைத் தடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கோ தாராளமான கை. மஞ்சள் அரிசியை அள்ளி அள்ளித் தூவினார்.

மறுநாள் விஜயதசமி. வில்லை இழுத்தால் உள்ளே கலகலவென்று சத்தம். அப்பா வயலினைக் கவிழ்த்துக் குலுக்கினார். அதன் முகத்திலிருந்த துளைகள் வழியே அரிசி கொட்டியது. விடாமல் குலுக்கியதில், சின்னவிரல் நீளத்தில் ஒரு குச்சியும் விழுந்தது. அதன்பின் வயலின் தடிமன் பிடித்து மூக்கடைத்ததுபோல் முனகியது.

அந்த நேரம் பார்த்து, அம்மா வடை சாப்பிட அழைத்திருந்த அன்ரி வந்துவிட்டார். அப்பா பதறிப்போய்க் குச்சியை வடைகளுக்கு அடியில் ஒளித்தார். அன்ரி எடுத்த இரண்டாவது வடையோடு அது வெளியே வந்தது.

தரையில் கொட்டிக் கிடந்த அரிசி எதற்கு என்று மட்டும் அவர் கேட்டார். தொழில் செய்யும் கருவிகளை வருடத்தில் ஒருநாள் நாங்கள் கும்பிடுவோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"வயலின் போச்சு. அரிசியைக் கிட்டக் கொண்டுபோகாதையெண்டு சொன்னனான்," என்றார் அப்பா.

"நீங்கள் சந்தனத்தைத்தானே சொன்னனீங்கள்," என்றார் அம்மா.

நான் அழுதுகொண்டிருக்கும்போதே அன்ரி ஒரு தோல் சுருளோடு திரும்பி வந்தார். விரித்தால் கூரான உளிகள். வயலினை வெட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்பா தைரியமாக எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

அன்ரியோ உளிகளைச் சரஸ்வதிக்கு முன்னால் அடுக்கினார். உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும் அந்தக் குச்சி விழுவது வழக்கந்தான், கடையில் திரும்ப நிறுத்தித் தருவார்கள் என்றார். இவை பூட்டனாரின் உளிகள், அவருக்குப் பிறகு வீட்டில் யாரும் கையில் எடுக்கவில்லை, இவற்றுக்கும் கொஞ்சம் அரிசி போட முடியுமா என்று கேட்டார்.

"ஓம், அதுக்கென்ன," என்று அம்மா கைநிறைய அள்ளினார்.

அரிசி உளிகள்மேல் விழுந்தது. அன்ரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு அம்மாமேல் கோபம் வந்துவிட்டது.

"மெல்லமாப் போடுங்கோ அம்மா. அன்ரியின்ர கண்ணுக்கை விழுந்திட்டுது."